காரின் டேங்க் யூனிட்டை வீட்டிலேயே பாதுகாப்பாக மாற்றுவது எப்படி

லோயர் கேம்ப் தாண்டி நாலாவது கொண்டை ஊசி வளைவில் எங்கள் கார் நின்றபோது பெட்ரோல் முள் பாதியில் இருந்தது. கம்பத்தில் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டு குமுளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஜூலை மாதச் சாரல், இருட்டும் நேரம். எதிரே ஏலத்தோட்ட வேலை முடிந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு ஜீப் ஓட்டுநர் நின்று விசாரித்தார். கீழே போய் ஐந்து லிட்டர் வாங்கிக்கொண்டு மறுபடி மேலே வந்து கொடுத்தார். ஊற்றியதும் கார் கிளம்பிவிட்டது. முள் மட்டும் அதே பாதியில்தான் நின்றது.

எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு இந்த முள் முக்கியம். கேரளத்தைவிடத் தமிழ்நாட்டில் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு என்பதால் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்தில் இருப்பவர்கள் கம்பம், கூடலூர் போகும்போதுதான் டேங்கை நிரப்புவோம். அடுத்த முறை இறங்கும் வரைக்கும் அது வர வேண்டும். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அந்த ஒரு முள்தான் சொல்கிறது.

முள் பொய் சொன்னால் பெரும்பாலும் கோளாறு டேங்குக்குள் இருக்கும் ஒரு சின்னப் பாகத்தில்தான். உதிரிபாகக் கடையில் டேங்க் யூனிட் என்றோ ஃப்ளோட் யூனிட் என்றோ கேட்டால் எடுத்துத் தருவார்கள். மாற்றுவது கைவேலை தெரிந்தவருக்கு அரை நாள் வேலை. ஆனால் திறந்த பெட்ரோல் டேங்கின் வாயில் கைவிட்டுச் செய்கிற வேலை இது. பாகத்தைக் கழற்றி மாட்டுவதைவிட அதற்கு முன்னால் செய்யும் ஏற்பாட்டுக்குத்தான் அதிக நேரம் ஆகும், ஆகவும் வேண்டும். இந்த வழிகாட்டியிலும் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒரு மிதவை, அதைத் தாங்கும் மெல்லிய கம்பி, கம்பியின் மறுமுனையில் ஒரு சின்னத் தொடுமுனை. பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். அதோடு தொடுமுனையும் ஒரு மின்தடைப் பட்டையின் மேல் தேய்த்துக்கொண்டு நகரும். தடை மாற மாற மீட்டர் முள்ளும் நகரும். அவ்வளவுதான்.

தடை அளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. விடிஓ என்ற கம்பெனியின் வகை யூனிட்டில் காலி டேங்குக்குச் சுமார் 10 ஓம், நிறைந்த டேங்குக்குச் சுமார் 180 ஓம். ஜப்பானிய வழி வந்த பல கார்களில் இது தலைகீழ்: நிறைந்திருந்தால் சில ஓம்தான், காலியானால் நூறுக்கு மேல். அதனால் 'பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது' என்று வேறு காரின் யூனிட்டை வாங்கி மாட்டக் கூடாது. முள் தலைகீழாக ஓடும்.

பட்டை ஏன் கெடுகிறது? வருடக்கணக்காகத் தேய்வது ஒரு காரணம். எரிபொருளில் உள்ள கந்தகம் வெள்ளி கலந்த தொடுமுனைகளைக் கறுக்க வைப்பது இன்னொன்று. 2020 ஏப்ரலில் புகை மாசைக் குறைக்கும் பிஎஸ்6 தர எரிபொருள் வந்தபிறகு பெட்ரோலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் பழைய காரில் ஏற்கெனவே படிந்தது அப்படியே இருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஆறு மாதம் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில், டேங்கைப் பாதி காலியாக வைத்து மாதக்கணக்கில் காரை நிறுத்தி வைத்தால் உள்ளே ஈரமும் பழைய பெட்ரோலின் பிசினும் சேர்ந்து யூனிட்டைக் கெடுக்கும். வளைகுடாவிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர்களின் கார்களில் முள் செத்துக் கிடப்பதற்கு இதுவும் காரணம்.

திறப்பதற்கு முன்னால்: கோளாறு யூனிட்டில்தானா?

எனக்குத் தெரிந்த கம்பத்து மெக்கானிக் ஒருவர் முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, யூனிட்டைக் குத்தம் சொல்றதுக்கு முன்னாடி எர்த்தைப் பாரு." அவர் சொன்னதை மதித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டேங்கைத் திறக்காமலே முடிந்துவிடக்கூடிய வேலையை டேங்கைத் திறந்து செய்வதில் அர்த்தமில்லை.

முதலில் மீட்டருக்குப் போகும் ஃபியூஸ். அடுத்து மற்ற முள்களைக் கவனியுங்கள். பழைய கார்களில் பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒன்றாகத் தப்புக் காட்டினால், கோளாறு டேங்கில் இல்லை. மீட்டர் போர்டின் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரிலோ மீட்டரின் எர்த்திலோ இருக்கும்.

பிறகு பின் சீட்டின் அடிமெத்தையைத் தூக்கினால் பல கார்களில் ஒரு வட்ட மூடியோ நீள்வட்ட மூடியோ தெரியும். அதற்கடியில்தான் டேங்கின் மேல்பக்கமும் யூனிட்டின் கப்ளரும் (வயரைச் செருகிக் கழற்றும் இணைப்பு) இருக்கின்றன. மூடியைத் திறந்ததும் மூக்கால் பாருங்கள். பெட்ரோல் வாடை பலமாக அடித்தால் மின்சார சோதனை எதுவும் வேண்டாம். கசிவு எங்கே என்பதுதான் அப்போது முதல் கேள்வி.

வாடை இல்லை என்றால் வயரைப் பாருங்கள். தோட்டத்துப் பக்கம் நிறுத்துகிற கார்களில் எலி வயரைக் கடித்திருக்கும், மூடிக்கடியில் பஞ்சையும் சருகையும் சேர்த்துக் கூடே கட்டியிருக்கும். கப்ளரைக் கழற்றி, உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். டேங்கிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் வயரின் போல்ட் துருப்பிடித்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்குங்கள். சிலருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும்.

முடியாதவர்களுக்கு, டேங்கை மூடி வைத்தபடியே செய்யக்கூடிய இரண்டு சோதனைகள் உண்டு. முதலாவது மல்டிமீட்டர் சோதனை. சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, யூனிட் பக்கத்துப் பின்களில் ஓம் அளவு பாருங்கள். அளவே வரவில்லை என்றால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. ஏதாவது ஒரு அளவு வந்தால் அதைக் குறித்துக்கொண்டு, ஐந்து லிட்டர் பெட்ரோல் போட்டு வந்து மறுபடி பாருங்கள். அளவு மாறவே இல்லை என்றால் மிதவை சிக்கியிருக்கிறது அல்லது தொடுமுனை செத்துவிட்டது. என் காரில் இப்படித்தான் தெரிந்தது: போடுவதற்கு முன்னும் 52 ஓம், போட்ட பின்னும் 52 ஓம்.

இரண்டாவது, மீட்டர் நன்றாக இருக்கிறதா என்ற சோதனை. வயரிங் பக்கத்துக் கப்ளரில் யூனிட்டுக்கான இரண்டு பின்களுக்கு நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பை இணைத்துவிட்டு, அப்புறம் சாவியை ஆன் செய்ய வேண்டும். முள் நகர்ந்தால் மீட்டரும் வயரும் நல்லவை. எந்தெந்தப் பின் என்பதை அந்த மாடலின் வயரிங் படத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதே கப்ளரில், பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளும் பம்புக்குப் போகும் கரண்டும் இருக்கும். முள்ளுக்குப் பதில் கோடுகள் காட்டும் டிஜிட்டல் மீட்டர் கார்களில் இந்தச் சோதனை வேண்டாம். அவற்றில் தகவல் கணினிப் பெட்டி வழியாகப் போகிறது, ஸ்கேனர் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

ஆவி கீழ்நோக்கி ஓடும்

பெட்ரோல் எரிவதைவிட அதன் ஆவி எரிவதுதான் ஆபத்து. பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி குளிரில்கூட பெட்ரோல் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடும். அதனால் 'மலையில்தான் குளிராக இருக்கிறதே' என்ற தைரியம் உதவாது. காற்றில் சுமார் ஒன்றரை சதவீதத்திலிருந்து ஏழரை சதவீதம் வரை அந்த ஆவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் காலி டேங்க் ஆபத்தில்லை என்ற நினைப்பு தவறு. காலி டேங்குக்குள் ஆவியும் காற்றும்தான் இருக்கின்றன.

இந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, தண்ணீர் மாதிரி தாழ்வான இடம் தேடித் தரையோடு ஓடும். நம் பக்கத்து வீடுகளை நினைத்துப் பாருங்கள். சரிவில் கட்டியவை. ரோட்டு மட்டத்தில் கார் நிற்கும், படியிறங்கினால் வீடு, அதற்கும் கீழே சமையலறை. காரடியில் கிளம்பிய ஆவி படி வழியாக இறங்கி, கீழே எரிகிற அடுப்பைத் தேடிப் போகும். தீ அங்கே பற்றி, வந்த வழியே காருக்குத் திரும்பி ஓடி வரும். மேலே வேலை செய்கிறவருக்கு அது எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

அதனால் இடத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. மூடிய ஷெட், காற்றோட்டமில்லாத போர்ட்டிகோ கூடாது. வீட்டைவிடத் தாழ்வான, திறந்த, சமதளமான இடம் வேண்டும். எங்கள் வீட்டில் அப்படி இடமில்லை. காப்பி காயப்போடும் சித்தப்பா வீட்டுக் களத்துக்குக் காரைக் கொண்டுபோனேன். வேலை முடியும் வரை சுற்றுப்பட்ட இடத்தில் அடுப்பு, வெந்நீர் விறகு, சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவத்திச் சுருள், பீடி எதுவும் எரியக் கூடாது. வீட்டில் எல்லோரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். 'சித்தி, பத்து மணி வரைக்கும் அடுப்புப் பத்த வைக்க வேண்டாம்' என்று கேட்டபோது என் சித்தி இட்லியை விடியற்காலையிலேயே அவித்து வைத்துவிட்டார். ஃப்ரிட்ஜ், மோட்டார் சுவிட்ச், இன்வெர்ட்டர் எல்லாம் பொறி விடக்கூடியவை. அவற்றிலிருந்தும் தள்ளியே இருங்கள்.

விடியற்காலை நல்ல நேரம். முதல் நாள் இரவே காரை நிறுத்திவிட்டால் டேங்கும் சைலன்ஸரும் ஆறியிருக்கும். மலையேறி வந்த சூட்டோடு டேங்கைத் திறக்கக் கூடாது. மழை நாளையும் தவிர்த்துவிடுங்கள். டேங்கில் தண்ணீர் இறங்கினால் அது தனி வேலை.

என்னென்ன வேண்டும்

சரியான யூனிட், அதற்கான புதிய ரப்பர் வளையம், மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர், பெயின்ட் பிரஷ், வெள்ளைப் பருத்தித் துணிகள், வழியும் பெட்ரோலைப் பிடிக்க ஒரு தட்டு. யூனிட் வாங்கப் போகும்போது காரின் சேஸிஸ் நம்பரைக் கொண்டுபோங்கள். ஒரே மாடலில் வருடத்துக்கு வருடம் யூனிட் மாறியிருக்கும். ரப்பர் வளையத்தைப் புதிதாக வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். பழைய வளையம் பெட்ரோலில் ஊறி உப்பியிருக்கும். வெளியே எடுத்தபின் மறுபடி அதன் பள்ளத்தில் உட்காராது. எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரகமா என்றும் கேளுங்கள்.

கைக்கு நைட்ரைல் கையுறை. டாக்டர்கள் போடும் சாதாரண ரப்பர் உறை பெட்ரோலில் ஊறிக் கிழிந்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி. உடம்பில் பருத்தி உடைதான். குளிருக்குப் போடும் கம்பளி ஸ்வெட்டரும் நைலான் ஜாக்கெட்டும் உரசி நிலைமின்சாரம் உண்டாக்கும், கழற்றி வைத்துவிடுங்கள். டேங்கைத் தொடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் பெயின்ட் இல்லாத இரும்புப் பாகம் ஒன்றைத் தொட்டுக்கொள்வது பழக்கமாகட்டும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச். அதையும் தூரத்திலேயே ஆன் செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். வயர் போட்ட குண்டு பல்பு கீழே விழுந்து உடைந்தால் அதன் சூடான இழையே போதும். போனைத் தள்ளி வையுங்கள்.

தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏபிசி பவுடர் வகை போதும். ஒரு வாளி மணலும் நனைத்த சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது தீயை மிதக்கவிட்டுப் பரப்பும். தனியாகச் செய்யவும் வேண்டாம். ஒருவர் சற்றுத் தள்ளி நிற்கட்டும். தீயணைப்பானின் ஊசியை எப்படி இழுப்பது, 101-ஐக் கூப்பிட்டால் எந்த இடம் சொல்வது என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.

பெட்ரோலைக் குறைப்பது

டேங்கில் கால்வாசிக்கும் குறைவாக இருக்கும்போது செய்யுங்கள். ஓட்டியே தீர்ப்பதுதான் சிறந்த வழி. முள் பொய் சொல்லும் காரில் கால்வாசி எப்படித் தெரியும் என்றால், நிரப்பிய நாளிலிருந்து ஓடிய கிலோமீட்டரை வைத்துக் கணக்கிட வேண்டியதுதான். 35 லிட்டர் டேங்க், லிட்டருக்கு மலையில் 13 கிலோமீட்டர் என்றால் 350 ஓடியபின் சுமார் 8 லிட்டர் இருக்கும்.

அதிகம் இருந்து வெளியே எடுத்தே ஆக வேண்டும் என்றால் கைப்பம்பு வைத்து எடுங்கள். குழாயை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். ஒரு வாய் பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா மாதிரி ஆகி உயிருக்கே ஆபத்தாகும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. எடுக்கும் பெட்ரோலை எரிபொருளுக்கென்றே செய்த கேனில், கேனைத் தரையில் வைத்துத்தான் நிரப்ப வேண்டும். டிக்கியின் கார்ப்பெட் மேல் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் தரைக்குப் போக வழியில்லை. தண்ணீர் பாட்டில் வேண்டாம். சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன்: 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை 30 லிட்டர் வரைதான் உரிமம் இல்லாமல் வைத்திருக்கலாம்.

பிரஷரை இறக்கி, பேட்டரியைக் கழற்றுவது

பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில் யூனிட்டும் பம்பும் பெரும்பாலும் ஒரே கூட்டாக இருக்கும். அந்தக் குழாயில் இன்ஜின் அணைந்தபின்னும் மூன்று பார் அளவுக்குப் பிரஷர் நிற்கும். அப்படியே குழாயைக் கழற்றினால் முகத்தில் பீய்ச்சும். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பம்பின் ஃபியூஸையோ ரிலேயையோ பிடுங்குங்கள். சில நொடியில் தானாக நின்றுவிடும். இன்னும் ஓரிரு முறை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டால் மிச்சமும் இறங்கிவிடும். கார்புரேட்டர் காரில் இந்த வேலை இல்லை.

அப்புறம் சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, துணியால் சுற்றித் தள்ளி வையுங்கள். பேட்டரி முனை கழலும்போதும் மாட்டும்போதும் சின்னப் பொறி வரும். அதனால் டேங்கைத் திறப்பதற்கு முன் கழற்ற வேண்டும், டேங்கை மூடி வாடை போனபின்தான் மாட்ட வேண்டும். இந்த வரிசை ஒருபோதும் மாறக் கூடாது.

ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, எல்லாக் கதவுகளையும் டிக்கியையும் திறந்துவிடுங்கள். பெட்ரோல் மூடியை ஒருமுறை திறந்து உள்ளிருக்கும் ஆவி அழுத்தத்தை விட்டுவிட்டு மறுபடி மூடுங்கள்.

கழற்றுவது

பின் சீட்டுக்கடியில் இருக்கும் மூடியைச் சுற்றியிருக்கும் கறுப்புப் பசையைக் கிழியாமல் மெல்ல விலக்குங்கள். மறுபடி ஒட்ட அது வேண்டும். கீழே டேங்கின் தலைப்பகுதியில் வருடக்கணக்கான மண் படிந்திருக்கும். அதை இப்போதே பிரஷாலும் ஈரத்துணியாலும் முழுக்கத் துடைத்துவிடுங்கள். வளையத்தைத் திறந்தபின் விழும் ஒவ்வொரு மண் துகளும் நேராகப் பம்பின் சல்லடைக்குப் போகும். வாக்குவம் கிளீனரைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டாம். அது ஆவியை உறிஞ்சித் தன் மோட்டார் பொறிக்கே கொடுக்கும்.

குழாய்களும் கப்ளரும் இருக்கும் நிலையை முதலிலேயே படம் எடுத்து வைத்திருங்கள். யூனிட்டின் தலையில் ஒரு அம்புக்குறியும் டேங்கில் அதற்கு நேராக ஒரு கோடும் இருக்கும். இல்லையென்றால் நீங்களே மார்க்கரால் போடுங்கள். குழாய் முனையில் துணியைச் சுற்றி, பக்கவாட்டுக் கொக்கிகளை அழுத்தி நேராக இழுங்கள். பழைய பிளாஸ்டிக் குழாய் வளைத்தால் ஒடிந்துவிடும். கொஞ்சம் பெட்ரோல் வழியும், துணி வாங்கிக்கொள்ளும்.

யூனிட்டைப் பிடித்திருப்பது சில கார்களில் ஸ்க்ரூக்கள், சிலவற்றில் ஒரு பெரிய திருகு வளையம். ஸ்க்ரூ என்றால் எதிரெதிராக ஒவ்வொன்றாகத் தளர்த்துங்கள். வளையம் என்றால் அதற்கான கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு கெட்டியான புளியமரக் கட்டையை வளையத்தின் பல்லில் வைத்து, மரச் சுத்தியலால் இடப்பக்கமாகத் தட்டிச் சுழற்றுங்கள். இரும்பு உளியும் இரும்புச் சுத்தியலும் இங்கே கூடவே கூடாது. பட்டறைகளில் அப்படி அடிப்பதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதே நெஞ்சு படபடக்கும். இரும்பில் இரும்பு படும் ஒரு பொறி, அதுவும் ஆவி வரும் வாயிலேயே.

வளையம் கழன்றதும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் யூனிட்டைக் கொஞ்சம் மேலே தள்ளும். நேராக இழுக்காமல், சாய்த்துச் சாய்த்து மிதவைக் கம்பி விளிம்பில் இடிக்காதபடி வெளியே எடுங்கள். யூனிட்டின் அடிப்பாத்திரத்தில் பெட்ரோல் தேங்கியிருக்கும், டேங்குக்குள்ளேயே ஒருமுறை சாய்த்து வடித்துவிட்டுத் தட்டுக்கு மாற்றுங்கள். உடனே திறந்த வாயைச் சுத்தமான துணியால் மூடுங்கள். இனி எல்லா வேலையும் காரிலிருந்து பத்தடி தள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நடக்கட்டும். இந்த நேரத்தில் தலை சுற்றினாலோ குமட்டினாலோ நிறுத்திவிட்டு நகர்ந்து நில்லுங்கள். டேங்குக்கு மேல் முகத்தைக் கொண்டுபோய் உள்ளே எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது

கம்பியின் நீளம், வளைவு, மிதவையின் அளவு, கப்ளரின் வடிவம் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பழைய மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சளசளவென்றால் அது ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது.

பழைய யூனிட் சொட்டு நின்று காய்ந்தபின் மல்டிமீட்டரை இணைத்து, மிதவையைக் கீழிருந்து மேல் மெதுவாகத் தூக்குங்கள். என்னுடையதில் ஒரே இடத்தில் 52-ல் நின்று, பிறகு அளவே வராமல் போனது. புதியதை அதே மாதிரி செய்யும்போது எண் தடங்கல் இல்லாமல் ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் குதித்தால், புதியதாக இருந்தாலும் கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பலர் புதிய யூனிட்டைக் கப்ளரில் மாட்டி, சாவியை ஆன் செய்து, கையால் மிதவையைத் தூக்கி முள் ஏறுகிறதா என்று பார்ப்பார்கள். டேங்க் திறந்திருக்கிறது, பக்கத்தில் ஆவி, சாவி போட்டதும் பம்பும் காய்ந்தபடி சுற்றும். ஓம் அளவு சரியாக இருந்தால் அதே செய்தியை மல்டிமீட்டர் ஆபத்தில்லாமல் சொல்லிவிட்டது. வேறு சோதனை தேவையில்லை.

பம்போடு சேர்ந்த கூட்டு என்றால் யூனிட்டை மட்டும் அதன் பக்கவாட்டுக் கொக்கியிலிருந்து நழுவவிட்டு, வயர் முனைகளைக் கழற்றி, புதியதை அதே தடத்தில் செருகலாம். வயரை பழைய பாதையிலேயே கொண்டுபோங்கள். மிதவை ஆடும் வழியில் வயர் நின்றால் முள் மறுபடி ஒரே இடத்தில் மாட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் சல்லடை கறுத்திருந்தால் அதையும் இப்போதே மாற்றிவிடுங்கள், இரண்டாம் முறை திறக்க வேண்டியதில்லை.

மாட்டுவது

டேங்கின் வாய் விளிம்பைத் துடைத்து, புதிய வளையத்தை அதன் பள்ளத்தில் முறுக்கில்லாமல் உட்கார வையுங்கள். சிலிகான் பசை தடவாதீர்கள். பெட்ரோல் அதைக் கரைத்து, துணுக்குகள் பம்புக்குப் போகும். யூனிட்டைச் சாய்த்து உள்ளே விட்டு, அம்புக்குறியைக் கோட்டுக்கு நேராக வைத்து, ஸ்பிரிங்கை எதிர்த்துச் சமமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகு வளையத்தைக் கையால் தொடங்குங்கள். கூட நிற்பவர் இந்த ஒரு இடத்தில் மட்டும் கை கொடுக்கலாம். இழை பிசகாமல் இரண்டு சுற்று போனபின்தான் கட்டையால் இறுக்க வேண்டும். அம்புக்குறி விலகினால் மிதவை டேங்கின் உள்தடுப்பில் முட்டும். புது யூனிட் போட்டும் முள் பாதிக்கு மேல் ஏறவில்லை என்றால் இதுதான் முதல் சந்தேகம்.

குழாய்களை 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை தள்ளி, பின் இழுத்துப் பாருங்கள். ஆவி போகும் சின்னக் குழாயை மறக்காதீர்கள். வேலை முடிந்து பல நாள் காருக்குள் பெட்ரோல் வாடை அடிப்பதற்கு அது சரியாக உட்காராததே காரணமாக இருக்கும். கப்ளர், எர்த், அப்புறம் பம்பின் ஃபியூஸ். நனைந்த துணிகளையும் தட்டையும் தூரமாகக் கொண்டுபோய்த் துணிகளைக் குவிக்காமல் வெயிலில் விரித்துப் போடுங்கள். தட்டில் மிஞ்சியதைச் சாக்கடையிலோ ஓடையிலோ ஊற்ற வேண்டாம். நம் ஓடைத் தண்ணீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள்.

அரை மணி நேரம் கதவுகள் திறந்தே இருக்கட்டும். குனிந்து தரையருகே மோந்து பார்த்து, வாடை இல்லை என்று தெரிந்தபின் பேட்டரியை மாட்டுங்கள். சாவியை ஆன் செய்து மூன்று நொடி விட்டு அணையுங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இப்படி மூன்று நான்கு முறை. பம்ப் பிரஷர் ஏற்றும். இப்போது குழாய் முனைகளைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் சாவியை எடுத்து, பேட்டரியைக் கழற்றி, பிரஷரை இறக்கி மறுபடி மாட்ட வேண்டியதுதான். காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு இன்னொரு முறை ஒற்றிப் பாருங்கள்.

எப்போது கை வைக்கக் கூடாது

சீட்டுக்கடியில் மூடியே இல்லாமல், டேங்கைக் கீழே இறக்கித்தான் யூனிட்டை எடுக்க முடியும் என்ற கார்களை வீட்டில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஜாக்கியில் நிற்கும் காரடியில் பெட்ரோலோடு படுப்பது சரிவான ஊரில் சரிப்படாது. டேங்கே கசிந்தாலோ, குழாய்கள் துருப்பிடித்து உதிர்ந்தாலோ, சிஎன்ஜி பொருத்தியிருந்தாலோ பட்டறைக்குப் போங்கள். டேங்கில் வெல்டிங் (பற்றவைப்பு) வேலை வேண்டும் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை தேடுங்கள் அல்லது டேங்கை மாற்றுங்கள்.

முள்ளை நம்பத் தொடங்குவது

புதிய யூனிட்டின் முள்ளை உடனே முழுக்க நம்பிவிடாமல் ஒருமுறை அளந்து கொள்ளுங்கள். ரிசர்வ் விளக்கு எரியும் நிலையில் பெட்ரோல் பங்குக்குப் போய், ஐந்து ஐந்து லிட்டராகப் போட்டு, ஒவ்வொரு முறையும் சாவியை ஆன் செய்து, ஒரு நிமிடம் பொறுத்து, முள் எங்கே நிற்கிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். பங்கில் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னால் ஒத்துழைப்பார்கள். சமதளத்தில்தான் அளக்க வேண்டும். மலையேற்றத்தில் பெட்ரோல் டேங்கின் பின்பக்கம் சாய்வதால் முள் கொஞ்சம் கூடவோ குறையவோ காட்டும். என் காரில் குமுளி ஏறும்போது முள் ஒரு கோடு குறையும், மேலே சமதளம் வந்ததும் திரும்ப வந்துவிடும். அது கோளாறில்லை.

கடைசிச் சோதனை டேங்க் நிறைந்திருக்கும்போதுதான் செய்ய முடியும். கால்வாசியில் இருக்கும்போது வளையத்தைப் பெட்ரோல் தொடாது, அதனால் கசிவும் தெரியாது. மூடியை இரண்டு ஸ்க்ரூவில் மட்டும் பிடித்து வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, கூடலூரில் டேங்கை நிரப்பிக் குமுளி வரை ஏறினேன். ஏற்றம் முழுக்கப் பெட்ரோல் வளையத்தின் மேல் வந்து மோதியிருக்கும். வீட்டுக்கு வந்ததும் இன்ஜினை ஆறவிட்டு, சீட்டைத் தூக்கி, மூடியைத் திறந்து, வளையத்தைச் சுற்றி வெள்ளைத் துணியால் ஒற்றினேன். துணி காய்ந்தபடியே வந்தது. கறுப்புப் பசையை அழுத்தி ஒட்டி, மிச்ச ஸ்க்ரூக்களைப் போட்டு, சீட்டைப் பூட்டினேன்.